வெளிமாநில வண்டி

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்பைக் கழட்ட வேண்டாம், வண்டி ஷெட்டுலதானே நிக்குது. போன்ல பேசினது நீங்கதானே? ஜலகண்டாபுரம்னு சொன்னீங்க. சரி, முதல்ல சுத்திப் பாருங்க. அவசரமில்லாம பாருங்க. ஒரு கீறல் இருந்தா சொல்லுங்க. பின்னாடி கண்ணாடியில ஒரு சாமி படம் ஒட்டியிருக்கு பாருங்க, அது பழைய ஓனர் ஒட்டினது. சுரண்டிடலாம்னு பிளேடு எடுத்தேன். சாமியை ஏனுங்க சுரண்டறீங்கன்னு என் சம்சாரம் பிடுங்கி வச்சுக்கிட்டா. மத்தபடி எல்லாம் சுத்தம்.

பெங்களூர் வண்டியாச்சே, பேப்பர்ல வில்லங்கம் வருமான்னு யோசிக்கறீங்க. வராது. இந்த வண்டி பேப்பர் மாதிரி ஒரு பேப்பர் இந்த மேச்சேரி சுத்துவட்டாரத்துல எவன்கிட்டயும் கிடையாது, நான் எழுதியே தரேன். எதுவும் குறுக்கு வழியில வாங்கினதில்லை. ஒவ்வொரு முத்திரையும் நானே நேர்ல போய் நின்னு வாங்கினது.

அப்புறம் ஏன் விக்கறேன்னு கேக்கறீங்களா? நியாயமான கேள்விதான். வாங்கி ஒரு வருஷம்கூட ஓட்டாத வண்டியை ஒருத்தன் விக்கறான்னா சந்தேகம் வரணும். வரலைன்னா நீங்க ஏமாளி. உக்காருங்க, அந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கங்க. டீ சொல்லிட்டேன், எதிர்க்கடையிலிருந்து வரும். வீட்டுல போட ஆளில்லை.

என் பேரு மாதேஸ்வரன். கூட்டுறவுத் தணிக்கையில இருந்து ரிட்டயர் ஆனவன். நீங்க சின்ன வயசு, தெரிஞ்சிருக்காது. சொசைட்டி செயலாளர்ங்க என் பேரைக் கேட்டாலே அன்னிக்கு லீவு போட்டுடுவாங்க. ஒருத்தன்கிட்ட கை நீட்டினவன் கிடையாது நான். ஒரு டீகூட அவங்க காசுல குடிச்சதில்லை, பிளாஸ்க்குல வீட்டுலயிருந்து கொண்டுபோயிடுவேன். நீலாவதி போட்டுக் குடுப்பா. நீலாவதிதான் என் சம்சாரம்.

அவளுக்காகத்தான் இந்தக் காரே. அதை முதல்லயே சொல்லிடறேன். பின்னாடி யாராவது வேற மாதிரி சொல்லுவாங்க. என் பொண்ணே சொல்லுவா.

நீலாவதிக்கு கிட்னி ரெண்டும் போயிடுச்சு. சர்க்கரை. வாரத்துல ரெண்டு நாள் சேலம் போய் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கிட்டு வரணும். பக்கத்துல எங்கேயும் இடம் கிடைக்கலை, சேலத்துலதான் ஒரு ஆஸ்பத்திரியில கிடைச்சுது. இங்கிருந்து பஸ் ஏறி, ஓமலூர் தாண்டி, சேலத்துல இறங்கி, அங்கேயிருந்து இன்னொரு டவுன் பஸ். போறப்பகூடப் பரவால்லைங்க. வர்றப்பதான். நாலு மணி நேரம் மெஷின்ல கிடந்துட்டு எந்திரிச்சா ஆளு துவைச்சுப் பிழிஞ்ச துணி மாதிரி ஆயிடுவா. ஒரு கையில ரத்தக்குழாயை இணைச்சு வச்சிருப்பாங்க, ஊசி போடறதுக்குன்னு. அந்தக் கை மேல எதுவும் படக்கூடாது, வெயிட் தூக்கக்கூடாது. கூட்டத்துல இன்னொரு கையால கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, அந்தக் கையை மாருல அணைச்சுக்கிட்டு நிப்பா, கைக்குழந்தையைத் தூக்கிட்டு நிக்கற மாதிரி. நான் கூடவே போவேன். பெங்களூர் போன நாளைத் தவிர ஒரு நாளும் அவளைத் தனியா அனுப்பினதில்லை. அதையும் குறிச்சுக்கங்க.

சரின்னு கார் வாங்கலாம்னு முடிவு பண்ணினேன். புதுசு நமக்குக் கட்டுப்படியாகாது. பழசுன்னா பெங்களூர்ல சல்லிசு, நல்லா வச்சிருப்பாங்கன்னு சொன்னாங்க. விளம்பரம் பார்த்து ஒரு கோபாலராவ்கிட்ட பேசினேன். பெரிய மனுஷன், எலெக்ட்ரானிக் கம்பெனியில இருந்து ரிட்டயர் ஆனவர். அமெரிக்காவுல பையன் இருக்கான், அங்கேயே போய் இருக்கப் போறேன், அதான் விக்கறேன்னார். நானும் நீலாவதியும் பஸ்ல போனோம், வர்றப்ப கார்ல வந்தோம்.

அந்த ஒரு நாள். தை மாசம் கடைசி. முன் சீட்டுல உக்காந்தா. ஏ.சி. போடறேன்னேன், வேண்டாமுங்க காத்து வரட்டும்னு கண்ணாடியை இறக்கிவிட்டா. ஓசூர் தாண்டினதும் தலைமுடியெல்லாம் பறக்குது, அவ ஒதுக்கவே இல்லை. கிருஷ்ணகிரிக்கு இந்தப் பக்கம் ஒரு இடத்துல நிறுத்தச் சொன்னா. எதுக்குன்னேன். சும்மா நிறுத்துங்கன்னா. நிறுத்தினேன். கீழே இறங்கி வண்டியை முன்னாடி பின்னாடி பார்த்துட்டு மறுபடி ஏறி உக்காந்துக்கிட்டா. "போலாமுங்க"ன்னா. அவ்வளவுதான். எதுக்கு இறங்கினான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

சரி, வண்டி வீட்டுக்கு வந்துடுச்சு. இனிமேதான் விஷயம்.

கே.ஏ. நம்பர் வண்டியை இங்க நம்ம பேருக்கு மாத்தணும்னா முதல்ல அந்த ஊரு ஆர்.டி.ஓ. ஆட்சேபணை இல்லைன்னு சர்டிபிகேட் குடுக்கணும். அதை வச்சுத்தான் இங்க வரி கட்டி, வண்டியைக் காட்டி, டி.என். நம்பர் வாங்கணும். அந்த சர்டிபிகேட்டை ரெண்டு வாரத்துல அனுப்பிடறேன்னு கோபாலராவ் சொன்னார். சொன்னவர் பிளேன் ஏறிட்டார். அப்புறம்தான் தெரியுது, ஆர்.சி.யில பேங்க் பேரு அப்படியே இருக்குன்னு. வண்டிக் கடனை எப்பவோ கட்டிட்டார், பேரை அடிச்சு நீக்கலை. அந்த பேங்க்கே இன்னொரு பேங்க்கோட சேர்ந்துடுச்சு. கிளை இருந்த இடத்துல துணிக்கடை இருக்கு. பேங்க் பேரு அடிச்சாத்தான் சர்டிபிகேட், அதுக்கு கோபாலராவ் கையெழுத்து வேணும், அவரு அமெரிக்காவுல. என்ன பண்ணுவீங்க?

அந்த பெங்களூர் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசல்ல ஒரு புரோக்கர் இருந்தான், தமிழ் ஆளுதான், குப்பம் பக்கம். "சார், ராவ் கையெழுத்தை நான் போட்டுக்கறேன். உள்ள குடுக்கறதைக் குடுத்தா அடுத்த வாரம் சர்டிபிகேட் உங்க கையில. அதுவரைக்கும் வண்டியை ஓட்டிக்கிட்டிருங்க, யாரு கேக்கப் போறா"ன்னான். நான் என்ன சொன்னேன்னு நினைக்கறீங்க? அங்கேயே, அத்தனை பேர் முன்னாடி, "நீ யார்கிட்ட பேசறேன்னு தெரியுமாடா"ன்னு கேட்டேன். ஊருக்கு வந்ததும் அவன் மேலயும், உள்ள இருந்த கிளார்க் மேலயும் புகார் எழுதிப் பதிவுத் தபால்ல அனுப்பினேன். அதுக்கப்புறம் நம்ம ஃபைல் நகரவே இல்லை. நான் போனா மேஜையில ஆள் இருக்காது. இருந்தா கன்னடத்துலதான் பேசுவான். லஞ்சம் கேட்டவன் மேல புகார் எழுதறது தப்பா தம்பி? நீங்களே சொல்லுங்க. தப்புன்னா நாடு எப்படி உருப்படும்?

ஓட்டலாமேன்னு நினைக்கறீங்க. உங்க முகத்துலயே தெரியுது. நம்பர் மாறற வரைக்கும் அப்படியே ஓட்டியிருக்கலாமேன்னு. எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க. அவகாசம் இருக்குதான், சட்டத்துலயே இருக்கு, எனக்குத் தெரியாதா? ஆனா எனக்கு ஒரு சங்கடம் இருந்துச்சு.

அந்த எதிர்வீடு தெரியுதா, மாடியில ஓடு போட்டது? அது அங்கமுத்து வீடு. உரக்கடை வச்சிருக்கான். நாலஞ்சு வருஷம் முன்னாடி பாண்டிச்சேரியில பெரிய வண்டி ஒண்ணு வாங்கினான். எதுக்குப் பாண்டிச்சேரி? அங்க வரி கம்மி. ஏதோ ஒரு விலாசத்தைக் குடுத்து பி.ஒய். நம்பர் வாங்கிட்டு நம்ம ரோட்டுல ஜம்முனு ஓட்டிக்கிட்டிருந்தான். நான் பார்த்தேன். பொறுத்துப் பார்த்தேன். பெட்டிஷன் போட்டுட்டேன். நம்ம மாநிலத்து ரோட்டைத் தேய்க்கறவன் நம்ம மாநிலத்துக்கு வரி கட்டணும், இல்லைன்னா அது திருட்டுன்னு எழுதினேன். என் பேர் போட்டுத்தான் எழுதினேன், மொட்டைக் கடுதாசி இல்லை. வந்து பிடிச்சாங்க, அபராதம் போட்டாங்க. வண்டியை விடுவிச்சுட்டு வந்து எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை அவன். அப்புறமும் அந்த நம்பரை மாத்தலை, அதான் திமிரு. ஆனா எங்களோட பேச்சு வார்த்தை நின்னுடுச்சு.

இப்ப நான் கே.ஏ. வண்டியை அவன் வீட்டு வாசல் வழியா ஓட்டிக்கிட்டுப் போனா? அவன் மாடியில நின்னு பார்ப்பான். ஒண்ணும் சொல்ல மாட்டான், பார்ப்பான். அது போதாதா? அதனால தெளிவா சொல்லிட்டேன். நம்பர் வர்ற வரைக்கும் வண்டி ஷெட்டை விட்டு வெளியே வராது. தினமும் காலையில ஸ்டார்ட் பண்ணி கொஞ்ச நேரம் ஓடவிடுவேன், பேட்டரி இறங்கக்கூடாதுல்ல. நீலாவதி ஈரத்துணியால துடைச்சுவிடுவா. அப்புறம் ரெண்டு பேரும் பூட்டிட்டு பஸ்ஸுக்குக் கிளம்புவோம்.

என் பொண்ணு வினோதினி திருப்பூர்ல இருக்கா, மாப்பிள்ளை பனியன் கம்பெனியில சூபர்வைசர். அவ போன் பண்ணி, "அப்பா, வாடகைக் கார் வச்சு அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க, நான் பணம் அனுப்பறேன்"ன்னா. அனுப்பவும் அனுப்பினா. திருப்பி அனுப்பிட்டேன். வீட்டுல சொந்தக் கார் நிக்குது, வாசல்ல வாடகைக் கார் வந்து நின்னா ஊரு சிரிக்காதா? இன்னும் ஒரு மாசம்தான் கண்ணு, நம்பர் வந்துடும்னு சொன்னேன். ஒவ்வொரு தடவையும் ஒரு மாசம்தான்னு நினைச்சேன். பொய் சொல்லலை.

மாசி போச்சு, பங்குனி போச்சு. வெயில் ஏறுச்சு. ஒரு நாள் மத்தியானம் தூங்கி எந்திரிச்சுப் பார்க்கறேன், நீலாவதியைக் காணோம். கொல்லையில இல்லை. ஷெட்டுல வந்து பார்த்தா கார்ல முன் சீட்டுல உக்காந்திருக்கா. கண்ணாடியை இறக்கிவிட்டு, கையை வெளியே வச்சுக்கிட்டு. ஷெட்டுக்குள்ளதான், எதிர்க்க சுவரு. அதைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கா. "என்ன பண்றே?"ன்னேன். "சும்மா"ன்னா. "கண்ணாடியை ஏத்து, சீட்டெல்லாம் தூசி படியும்"ன்னேன். ஏத்திட்டு உக்காந்தா. உள்ள புழுங்குமேன்னு நான் திரும்ப வந்து கதவைத் திறந்துவிட்டேன். நான் ஒண்ணும் அவ்வளவு மோசமானவன் இல்லை தம்பி.

சித்திரையில ஒரு வியாழக்கிழமை நான் பெங்களூர் போயிருந்தேன். அவ மட்டும் சேலம் போயிருந்தா. வர்றப்ப பஸ்ல கூட்டம். எவனோ பை வச்சு இடிச்சதுல அந்தக் கையில ஊசி போட்ட இடம் திறந்துடுச்சு. ரத்தம் நிக்கவே இல்லை. அந்த நரம்புல ரத்தம் பீய்ச்சி அடிக்கும், சாதாரணமா வர்ற மாதிரி இல்லை. கண்டக்டர் துண்டை வச்சுக் கட்டி ஓமலூர்ல இறக்கி விட்டிருக்கான். அங்க உர மூட்டை இறக்க வந்திருந்த அங்கமுத்து பார்த்திருக்கான். தன்னோட வண்டியில ஏத்திக்கிட்டு மறுபடி சேலம் போய், தையல் போடற வரைக்கும் கூட இருந்து, வீட்டுல கொண்டாந்து விட்டிருக்கான்.

நான் சாயங்காலம் வர்றேன். வாசல்ல அவன் வண்டி. அதுலயிருந்து என் சம்சாரம் இறங்கறா. எனக்கு எப்படி இருக்கும்? அவன் எங்கிட்ட வந்து, "அண்ணே, இனிமே அண்ணியை நான் கூட்டிட்டுப் போறேன். வாரத்துல ரெண்டு நாள் சேலத்துல எனக்கு வேலை இருக்கு. சங்கடப்படாதீங்க"ன்னான். நாலஞ்சு வருஷம் கழிச்சு முதல் பேச்சு. நான் என்ன சொல்லணும்? "எங்களுக்குக் கார் இருக்குப்பா"ன்னேன். அவன் ஷெட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். போயிட்டான்.

உள்ள வந்து அவகிட்ட கொஞ்சம் சத்தம் போட்டுட்டேன். ஓமலூர்ல ஆட்டோ இல்லையா, ஆம்புலன்ஸ் இல்லையா, அவன் வண்டிதான் கிடைச்சுதான்னேன். அவ சீலையெல்லாம் ரத்தம், அப்படியே உக்காந்திருந்தா. கட்டுப் போட்ட கையை மடியில வச்சுக்கிட்டுக் கேட்டா, "ஏனுங்க, இந்தக் காரை யாருக்கு வாங்கினீங்க?"

"உனக்குத்தான்"ன்னேன். வேற யாருக்கு? உண்மைதானே அது?

அதுக்கப்புறம் அவ காரைத் துடைக்கறதை விட்டுட்டா. கை வலிக்குதுன்னா. நான் துடைச்சேன்.

பழைய ஓனரு கையெழுத்து மட்டும் ஒரு வழியா வந்துச்சு. அமெரிக்காவுல இருக்கற பையனுக்கு நான் எழுதின மெயில் கணக்கு வழக்கில்லை. கடைசியில அவன் அங்க இருக்கற தூதரகம் வரைக்கும் அப்பனைக் கூட்டிக்கிட்டுப் போய், கையெழுத்து வாங்கி அனுப்பினான். பேங்க் பேரு அடிச்சாச்சு. வைகாசியில ஒரு நாள் பெங்களூர்லயிருந்து போன் வந்துச்சு, நாளைக்கு வந்து சர்டிபிகேட்டை வாங்கிக்கங்கன்னு. அந்த நாளைக்குத்தான் நீலாவதிக்கு சேலம் போற முறை.

நான் கேட்டேன் தம்பி. கேக்காம போகலை. "நீ தனியா போறியா, இல்லை நான் பெங்களூரைத் தள்ளிப்போடட்டுமா?"ன்னு கேட்டேன். "நீங்க போயிட்டு வாங்க. நான் இன்னிக்குப் போகலை. அந்த பஸ்ல என்னால நிக்க முடியாதுங்க. அடுத்த முறை சேர்த்துப் பார்த்துக்கறேன்"ன்னா. நல்லாத்தான் பேசினா. கால் மட்டும் கொஞ்சம் வீங்கியிருந்துச்சு. ஒரு முறை விட்டா என்ன, அதான் அடுத்த முறையிலயிருந்து கார்ல போகப் போறோமேன்னு நானும் நினைச்சேன். இட்லி வச்சுக் குடுத்தா. வாசல் வரைக்கும் வந்தா.

அன்னிக்கு சர்டிபிகேட் கையில வந்துடுச்சு. அந்த சந்தோஷத்தை நான் எப்படிச் சொல்றது? எவன்கிட்டயும் தலையைச் சொறியாம வாங்கினது. பஸ்ல உக்காந்துக்கிட்டு எடுத்து எடுத்துப் பார்த்தேன். தருமபுரி தாண்டினதும் அவளுக்குப் போன் பண்ணினேன். "வந்துடுச்சு நீலா"ன்னேன். "சரிங்க"ன்னா. குரல் வேற மாதிரி இருந்துச்சு. மூச்சு வாங்கற மாதிரி. தூங்கிட்டிருந்தாளோன்னு வச்சுட்டேன்.

வீட்டுக்கு வர்றப்ப விளக்கு வைக்கற நேரம். கட்டில்ல உக்காந்திருக்கா, படுக்க முடியலை. படுத்தா மூச்சு முட்டுது. நெஞ்சுல தண்ணி கோத்துக்கிச்சு. வாயைத் திறந்து திறந்து மூடறா, மீன் மாதிரி. நான் நூத்தியெட்டுக்குப் போன் போட்டேன். வண்டி மேட்டூர்ல ஒரு விபத்துக்குப் போயிருக்கு, வர நேரமாகும்னாங்க. அதுக்குள்ள அங்கமுத்து வந்துட்டான். அவன் சம்சாரம் மத்தியானமே வந்து பார்த்திருக்கு போல, அவங்க ரெண்டு பேரும் நான் வர்றதுக்காகக் காத்துக்கிட்டு இருந்திருக்காங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு அந்தம்மா கூப்பிட்டதுக்கு, "அவர் வந்துடட்டும், இல்லைன்னா கோவிச்சுக்குவார்"னு நீலாவதி சொன்னாளாம். எதுக்கு அப்படிச் சொல்லணும்? நான் எதுக்குக் கோவிச்சுக்கப் போறேன்?

அங்கமுத்து அவளைத் தூக்கிட்டான். நான் கார் சாவியை எடுத்தேன், சர்டிபிகேட்தான் வந்துடுச்சே. ஆனா வரி கட்டலையே இன்னும். கையில சாவியை வச்சுக்கிட்டு ஒரு நிமிஷம் நின்னேன். ஒரே நிமிஷம்தான். அவன் கத்தினான், "அண்ணே, ஏறுங்கண்ணே!" ஏறினேன்.

ஓமலூர் வரலை. அதுக்கு முன்னாடியே போயிட்டா. என் தோள்ல சாஞ்சிருந்தா, ஜன்னல் பக்கம் கையை நீட்டினா. கண்ணாடியை இறக்கினேன். காத்து வந்துச்சு. அவ்வளவுதான்.

அந்தப் பாண்டிச்சேரி வண்டியிலதான் தம்பி அவ உசிரு போச்சு. எனக்கு அதைத்தான் தாங்க முடியலை. அவளுக்குன்னு நான் ஒரு வண்டி வாங்கி, முறைப்படி எல்லாம் செஞ்சு வச்சிருக்கேன், அவ வரி கட்டாத வண்டியில போய்ச் சாகறா.

டீ வந்துடுச்சு, எடுத்துக்கங்க.

மறுநாள் தகனம். அஸ்தியை எடுத்துப் பவானி கூடுதுறையில கரைக்கணும். எல்லாரும் அன்னிக்கே போயிடலாம்னாங்க. அங்கமுத்து வேற வண்டியைத் துடைச்சு நிறுத்தி வச்சிருக்கான். நான் வேண்டாம்னுட்டேன். அவ உசிரோட இருக்கறப்பதான் அவ வண்டியில போகக் குடுத்து வைக்கலை. கரைக்கறதுக்காவது அவ வண்டியிலதான் கூட்டிக்கிட்டுப் போவேன்னு சொல்லிட்டேன். நம்பர் வரட்டும்னேன். பொண்ணு அழுதா. "அப்பா, அம்மா தண்ணியில போகணும்ப்பா, இப்படித் தொங்கவிடாதீங்க"ன்னா. கலசத்தை மஞ்சத்துணியில கட்டி, பின்னாடி வேப்ப மரத்துல தொங்கவிட்டிருந்தோம். வீட்டுக்குள்ள வைக்கக் கூடாதுல்ல. பதினாறு கும்பிட்டு முடிஞ்சுது. அப்பவும் தொங்குச்சு. காத்து அடிச்சா ஆடும். நான் ராத்திரி எந்திரிச்சுப் போய்ப் பார்த்துட்டு வருவேன். இன்னும் கொஞ்ச நாள்தான் நீலான்னு சொல்லிட்டு வருவேன்.

இங்க வரி கட்டினேன். வண்டியைக் கொண்டுபோய்க் காட்டினேன். இங்கேயும் ஒரு ஏஜெண்ட் வந்தான், கிட்ட சேர்க்கலை. ஆனி கடைசியில நம்பர் வந்துச்சு. புது பிளேட் அடிச்சு மாட்டினேன். வினோதினியை வரச்சொன்னேன். மாப்பிள்ளை வரலை, அவ மட்டும் வந்தா. முன்னாடி உக்காரச் சொன்னேன், மாட்டேன்னுட்டா. கலசத்தை மடியில வச்சுக்கிட்டுப் பின்னாடி உக்காந்தா. அங்கமுத்து வாசல்ல நின்னான். அவன் வீட்டைத் தாண்டறப்ப நான் வேணும்னே மெதுவா போனேன். அவன் கும்பிட்டான். வண்டியைப் பார்த்து இல்லை, அவ மடியைப் பார்த்துக் கும்பிட்டான்.

மேட்டூர் வழியா ஆத்தோரமாவே போனோம். அம்மாபேட்டை தாண்டி ஒரு இடத்துல போலீஸ் செக்கிங். ரெண்டு லாரியை நிறுத்தியிருந்தாங்க. சொன்னா நம்ப மாட்டீங்க, எனக்கு உள்ளுக்குள்ள ஒரு குளிர்ச்சி. இத்தனை மாசம் எதுக்குப் பயந்தேனோ அது வந்து முன்னாடி நிக்குது, நான் பயப்பட வேண்டியதில்லை. அந்தப் போலீஸ்காரர் சின்னப் பையன். உள்ள பார்த்தார், கலசத்தைப் பார்த்தார், பொண்ணு முகத்தைப் பார்த்தார். தொப்பியைத் தொட்டுக்கிட்டு, போங்க சார்னு கை காட்டினார்.

நான் நிறுத்தினேன். ஓரமா நிறுத்தி இறங்கினேன். "இல்லைங்க, நீங்க பேப்பரைப் பாருங்க"ன்னேன். "வேண்டாம் சார், போங்க"ன்னார். "அப்படி விடக்கூடாது தம்பி, உங்க கடமை அது. வெளிமாநிலத்துலயிருந்து கொண்டுவந்த வண்டி, எல்லாம் சரியா இருக்கான்னு பார்க்கணும்ல"ன்னு ஒவ்வொண்ணா எடுத்து பானட் மேல பரப்பினேன். ஆர்.சி., வரி ரசீது, இன்சூரன்ஸ், புகைச் சான்று, பெங்களூர் சர்டிபிகேட். அந்தப் பையன் சங்கடத்தோட பார்த்தார். "எல்லாம் பக்காவா இருக்கு சார்"னார். அந்த வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் தம்பி நான் இத்தனை பாடுபட்டேன்.

பின்னாடி கதவு சாத்தற சத்தம் கேட்டுச்சு. திரும்பிப் பார்க்கறேன், வினோதினி கலசத்தை இடுப்புல வச்சுக்கிட்டு ரோட்டைத் தாண்டி நிக்கறா. "கண்ணு, எங்க போறே? ஆச்சு, கிளம்பிடலாம்"ன்னேன். அவ என்னைப் பார்க்கவே இல்லை. பவானி போற டவுன் பஸ் ஒண்ணு வந்துச்சு. கையைக் காட்டினா, நின்னுது. ஏறிட்டா.

நான் பேப்பரை அள்ளிப் போட்டுக்கிட்டுப் பின்னாடியே போனேன். பஸ்ல கூட்டம். பின் கண்ணாடி வழியா தெரியுது, ஒரு கையால கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையில அதை அணைச்சுக்கிட்டு நிக்கறா. யாரோ எழுந்து இடம் குடுத்தாங்க. அவ உக்காரலை. நிறுத்தத்துக்கு நிறுத்தம் அந்த பஸ் நிக்கும், நானும் நிப்பேன். ஹாரன் அடிச்சேன். திரும்பலை.

கூடுதுறையில அன்னிக்கு ஏதோ விசேஷம், வண்டி நிறுத்த இடமே இல்லை. கண்ட இடத்துல நிறுத்தினா போலீஸ் சக்கரத்துக்குப் பூட்டுப் போட்டுடுவாங்க. சுத்திச் சுத்தி, தூரத்துல ஒரு இடம் பார்த்து, சரியா கோடு பார்த்து நிறுத்திட்டு ஓடினேன். படித்துறைக்கு நான் போறப்ப அவ ஏறி வந்துக்கிட்டிருந்தா. முழங்கால் வரைக்கும் புடவை ஈரம். கையில ஒண்ணுமில்லை.

"எங்கடி அம்மா?"ன்னேன்.

"போயிட்டாங்க"ன்னா.

அங்கேயிருந்தே திருப்பூர் பஸ் பிடிச்சுப் போயிட்டா. அதோட சரி. போன் பண்ணினா மாப்பிள்ளைதான் எடுக்கறார், வேலையா இருக்கா மாமான்னு சொல்றார். ஆடி போச்சு, ஆவணி போச்சு, எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. என்ன கோபம்னு சொன்னாத்தானே தெரியும்? முப்பது வருஷம் தணிக்கை பண்ணினவன் நான். ஒருத்தன் மேல குறைன்னா அதை எழுத்துல குடுக்கணும், பதில் சொல்ல அவகாசம் குடுக்கணும். எதையுமே சொல்லாம ஒரு மனுஷன் மேல தீர்ப்பு எழுதினா அவன் எங்க போய் பதில் சொல்லுவான்?

சரி, அது கிடக்கட்டும். நீங்க வண்டியை எடுத்து ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. சாவி இந்தாங்க. நான் வரலை. எங்க வேணும்னாலும் போங்க, எவனும் நிறுத்த மாட்டான்.